முகாம் வீடும் லயத்து வீடும்

செகிஞ்சானில் நடைபாதையில் படுத்துறங்கும் ஆளைத் தேடினால் கிடைப்பது அரிது. ஒரு பக்கம் நெல்வயல், மறுபக்கம் மீன்பிடிப் படகுகள், வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்து வந்து குவியும் கார்கள். வீடில்லாதவர் பிரச்சினை தலைநகரத்துக்கு உரியது, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால் அங்கிருந்து தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று தெற்கேயும் உள்ளேயும் போய், தமிழர் வீடுகளில் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். உங்கள் குடும்பத்தில் பட்டாளத்திலிருந்து வந்தவர் யாராவது உண்டா? அவர் பெயரில் வீடு இருக்கிறதா? முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் வரும். இரண்டாவதுக்குத் தயக்கம் வரும். அக்கா வீட்டு முன்கூடத்தில், தம்பியின் தரைவீட்டுப் பின்னறையில், பாதுகாவலர் வேலை பார்க்கும் தொழிற்சாலைக் குடிசையில் இருக்கும் மனிதரை எந்தப் பட்டியலிலும் காண முடியாது. இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

முன்னாள் இராணுவ வீரர்களில் வீடில்லாதவர் எத்தனை பேர், ஏன் அப்படி ஆனார்கள் என்ற இரண்டுமே உலகெங்கும் வாதத்துக்கு உள்ளானவை. முதலில் எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். அங்கே தெளிவு வந்தால்தான் காரணத்தைப் பேச முடியும்.

இதில் அதிகம் எண்ணிப் பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே 1990களில் முன்னாள் படைவீரர் துறை, ஏதாவது ஓர் இரவில் 250,000 முன்னாள் வீரர்கள் வீடில்லாமல் இருப்பதாக மதிப்பிட்டது. 2008-இல் அதே துறையின் மதிப்பீடு 131,000 ஆனது. 2010-இல் 74,000 சொச்சம். 2024 ஜனவரியில் எடுத்த கணக்கில் 32,882. இந்த இறக்கத்தைப் பார்த்தால் பெரிய சாதனை என்று தோன்றும். பாதி அப்படித்தான். மறுபாதி, எண்ணும் முறை மாறியது. முதலில் சொன்ன எண்கள் நிறுவனங்கள் தந்த அனுமானங்களைக் கூட்டியவை. பின்னால் வந்தவை, ஜனவரிக் கடைசியில் ஓர் இரவைக் குறித்துத் தெருவிலும் தங்குமிடங்களிலும் ஆட்களை நேரில் எண்ணியவை. ஆகவே 250,000-ஐயும் 32,882-ஐயும் பக்கத்தில் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கக் கூடாது. 2010-க்குப் பிறகான எண்களை மட்டும் தம்முள் ஒப்பிடலாம். அப்படி ஒப்பிட்டாலும் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. இதற்குக் காரணம் என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பிரிட்டனில் வாதம் வேறு மாதிரிப் போனது. தெருவில் படுப்பவர்களில் நான்கில் ஒருவர் முன்னாள் சிப்பாய் என்று 1990களில் பரவலாகச் சொல்லப்பட்டது. 2008-இல் யார்க் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, லண்டனின் தனியாள் வீடற்றோரில் அவர்கள் சுமார் 6 விழுக்காடு என்று கண்டது. இரண்டும் பொய்யல்ல. இடையில் தங்குமிடங்களும் உதவித் திட்டங்களும் வந்தன. கேட்ட கேள்வியும் வேறு. ஒன்று சாலையில் கிடப்பவரைப் பார்த்தது, மற்றொன்று தங்குமிடங்களில் இருப்பவரையும் சேர்த்துப் பார்த்தது.

இந்த இரண்டு நாடுகளிலும் எண்ணிக்கை எங்கே தவறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கூரையின் கீழ் இருப்பவர் கணக்கில் வரமாட்டார். ஐரோப்பாவில் வீடற்றோர் நிலையை வகுத்தவர்கள் இதை உணர்ந்து, தெருவில் படுப்போர், தங்குமிடத்தில் இருப்போர், உரிமையோ பாதுகாப்போ இல்லாமல் பிறர் வீட்டில் ஒண்டியிருப்போர், குடியிருக்கத் தகாத இடத்தில் இருப்போர் என்று நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். நமக்கு வேண்டியது மூன்றாவது நிலை. தமிழ்க் குடும்பங்களில் அதற்கு இடம் எப்போதும் உண்டு. பெற்ற பிள்ளையை, உடன்பிறந்தானைச் சாலையில் விடமாட்டோம். அதனாலேயே நம்மவர்களின் வீடின்மை வெளியே தெரிவதில்லை.

மலேசியச் சட்டமும் தெருவைத்தான் பார்க்கிறது. 1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம், பொது இடத்தில் பிச்சை எடுப்பவரையும் பிழைக்க வழியில்லாமல் அலைபவரையும் நலத்துறை அதிகாரி பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்த இடம் தருகிறது. விசாரணைக்குப் பின் நலன் இல்லத்தில் மூன்று ஆண்டு வரை வைத்திருக்கலாம். 2014-இல் கோலாலம்பூர் மையப் பகுதியில் இலவச உணவு கொடுப்பதைத் தடைசெய்யப் போவதாக அரசு சொன்னபோது நாடே பேசியது. அந்த விவாதம் முழுக்க மஸ்ஜிட் ஜாமெக், புக்கிட் பிந்தாங் சுற்றுவட்டாரத்தைப் பற்றியது. அந்தக் கண்ணோட்டத்தில் செகிஞ்சானில் ஒரு வீடற்றவரும் இல்லை. கோல சிலாங்கூரிலும் இல்லை.

அடுத்தது காரணம். பட்டாளத்துக்காரர் ஏன் வீடிழக்கிறார் என்றால் பெரும்பாலோர் உடனே சொல்வது போர். கண்ணெதிரே தோழன் சாவதைப் பார்த்தவன், குண்டுச் சத்தத்தில் தூக்கம் கெட்டவன், குடியில் விழுந்து, குடும்பம் சிதறி, தெருவுக்கு வந்தான் என்ற கதை. அந்தக் கதைக்கு உண்மை உண்டு. நம் நாட்டு வீரர்களும் சும்மா இருந்தவர்கள் அல்லர். 1960-இல் காங்கோவுக்குப் போனார்கள். 1968 முதல் 1989 வரை காட்டுக்குள் கம்யூனிஸ்டு கொரில்லாக்களோடு போராடினார்கள். கண்ணிவெடியில் கால் இழந்தவர்கள் உண்டு. 1993 அக்டோபரில் மொகாடிஷுவில் சிக்கிய அமெரிக்கர்களை மீட்கக் கவச வாகனங்களோடு போனவர்களும் மலேசிய வீரர்கள்தாம்.

ஆனால் போர்தான் காரணம் என்றால், மிகக் கொடிய போரைக் கண்டவர்கள்தான் அதிகம் வீடிழந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ராபர்ட் ரோசன்ஹெக் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1990களில் இதைச் சோதித்தார்கள். வந்த பதில் பலரையும் திகைக்க வைத்தது. கட்டாயச் சேவை நடைமுறையில் இருந்த வியட்நாம் போர்த் தலைமுறையைவிட, 1973-இல் கட்டாயச் சேவை நீக்கப்பட்ட பின் தாமாக முன்வந்து சேர்ந்த இளைய தலைமுறையினரே தம் வயதுப் பொதுமக்களோடு ஒப்பிடும்போது அதிக விகிதத்தில் வீடிழந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெரிய போர் எதையும் பார்க்காதவர்கள். வியட்நாம் தலைமுறையை மட்டும் எடுத்து நுணுகிப் பார்த்த ஆய்விலும், போர்முனையில் இருந்ததன் நேரடித் தாக்கத்தைவிட, திரும்பி வந்தபின் துணையின்றித் தனித்துப் போனது, மணமாகாமல் இருந்தது, மனநோய், இளமையில் பட்ட துன்பம் ஆகியவையே கனமாக நின்றன.

இந்த முடிவைச் சிலர் தவறாகப் பயன்படுத்துவதும் உண்டு. ‘போரால் வரவில்லை என்றால் அவரவர் குறை, அரசுக்குப் பொறுப்பில்லை’ என்று சொல்வார்கள். எனக்கு அது நேர்மையான வாதமாகத் தெரியவில்லை. கட்டாயச் சேவை இல்லாத படையில் யார் சேருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வீட்டில் வசதியுள்ளவன் பதினெட்டு வயதில் சிப்பாயாகப் போவது குறைவு. திரும்பி வந்தால் தாங்கிக்கொள்ள நிலமோ சேமிப்போ இல்லாத வீட்டுப் பிள்ளைகளைத்தான் படை அதிகம் ஈர்க்கிறது. பத்து, பன்னிரண்டு ஆண்டு அவர்கள் உழைப்பை எடுத்துக்கொண்டு, அதே வெறுமையான இடத்தில் கொண்டுவந்து விடுகிறது. இடைப்பட்ட காலத்தில் ஊரில் உறவுகள் கலைந்துபோயிருக்கும். கூடப் படித்தவர்கள் ஒரு தொழிலில் ஊன்றியிருப்பார்கள்.

இங்கேதான் நம் தோட்டப்புறத்துக் கதை உலக ஆய்வுகளிலிருந்து கொஞ்சம் விலகுகிறது. சிலாங்கூர் வடக்கில் தோட்டத்தில் பிறந்து பட்டாளத்துக்குப் போனவர், தம் வாழ்நாளில் இரண்டு வகை வீடுகளில் மட்டுமே இருந்திருப்பார்: ஒன்று லயத்து வீடு, மற்றொன்று முகாம் வீடு. இரண்டும் வேலையோடு ஒட்டியவை. வேலை போனால் வீடும் போகும். ஒரு மனிதர் பிறந்ததிலிருந்து ஓய்வு பெறும் வரை, தம்முடையது என்று சொல்ல முடியாத கூரையின் கீழேயே வாழ்ந்திருக்கிறார் என்பதுதான் மற்ற எல்லாக் காரணங்களுக்கும் அடியில் கிடக்கும் காரணம் என்பது என் முடிவு.

லயத்து வீட்டை முதலில் பார்ப்போம். பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே 1917-இல் செம்பனை நட்டார். இந்த நாட்டில் வணிக நோக்கில் நடப்பட்ட முதல் செம்பனை அதுதான். அதற்கு முன்பிருந்தே அந்த வட்டாரமெல்லாம் ரப்பர் தோட்டங்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகள், வரிசை வரிசையாக லயங்கள். லயம் என்பது தோட்டத்தின் கருவிகளில் ஒன்று. வாளி, கத்தி போல அதையும் வேலைக்காகக் கொடுத்தார்கள். 1990-இல் வந்த தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய குறைந்தபட்சத் தரச் சட்டம் அறை, தண்ணீர், சுகாதாரம், குழந்தைக் காப்பகம் எல்லாவற்றையும் பற்றிப் பேசியது. தலைமுறையாக அங்கே இருந்தவருக்கு அந்த வீட்டின்மீது உரிமை உண்டு என்று அது பேசவில்லை. தொழிலாளருக்குச் சொந்த வீடு தரும் திட்டம் 1973-இலேயே அறிவிக்கப்பட்டது. நிர்வாகங்கள் விரும்பினால் செய்யலாம் என்ற அளவில் அது நின்றதால், செய்தவர்கள் குறைவு.

நிலமோ கைமாறிக்கொண்டே இருந்தது. 1950களில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அதைக் கண்டுதான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கினார்கள். அது பெரிய காரியம். ஆனாலும் வெள்ளத்தில் ஒரு பகுதியைத்தான் அது தடுத்தது. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். அந்த ஆளும் வெளிநாட்டவராக ஆனார். சிலாங்கூரின் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்டத்தை விட்டுப் புறம்போக்கில் குடிசை கட்டியவர்களை, 2005-க்குள் புறம்போக்குக் குடியிருப்பே இல்லாத மாநிலம் என்ற சிலாங்கூர் அரசின் இலக்கு மீண்டும் கிளப்பியது.

இந்த வரலாற்றின் மிகத் தெளிவான சாட்சி பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள ஐந்து தோட்டங்கள்: மேரி, சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக். அவற்றின் முன்னாள் தொழிலாளர்கள் 245 குடும்பத்தினர் தங்களுக்கு வாக்களிக்கப்பட்ட வீட்டுக்காகக் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் போராடினார்கள். மனு கொடுத்தார்கள், அமைச்சின் வாசலில் நின்றார்கள், தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி கேட்டார்கள். 2024-இல் கோல குபு பாரு இடைத்தேர்தல் நெருங்கிய வேளையில்தான் கூட்டரசு அரசாங்கம் அந்த வீடுகளுக்கு உறுதி கொடுத்தது. தோட்டத்திலேயே உழைத்து, ஊரிலேயே இருந்து, அமைப்பாகத் திரண்டு போராடியவர்களுக்கே இத்தனை காலம் பிடித்தது. அதே லயத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் போர்ட் டிக்சன் பயிற்சி மையத்துக்குப் போய்விட்ட பிள்ளையின் நிலை என்ன? அவன் தோட்டத் தொழிலாளி அல்ல. ஆகவே தோட்டத் தொழிலாளர் பட்டியலில் இல்லை.

முகாம் வீட்டுக்கு வருவோம். படையில் இருக்கும் வரை கூரைக்குக் கவலை இல்லை. மணமானவருக்கு இராணுவக் குடும்ப வீடு உண்டு. மின்சாரம், தண்ணீர், பிள்ளைகளுக்குப் பள்ளி எல்லாம் அருகிலேயே. இந்த வசதியே பின்னால் இடைஞ்சலாகிறது. வெளியே வீடு தேட வேண்டிய அவசரம் தோன்றுவதில்லை. இடமாற்றம் வந்துகொண்டே இருப்பதால், ஜொகூரில் இருக்கும்போது வாங்கினால் சபாவுக்குப் போகச் சொல்வார்கள். வாக்குகூட முகாம் தொகுதியில்தான். இருபது ஆண்டு நாட்டுக்காக அலைந்தவருக்கு எந்த ஊரும் ‘எங்கள் ஊர்க்காரர்’ என்று சொல்லும்படி பதிவு இருப்பதில்லை. பிரிட்டனில் இதே சிக்கல் இருந்தது. உள்ளூரோடு தொடர்பு காட்டினால்தான் நகராட்சி வீடு என்பது விதி. முகாமில் இருந்த காலம் அந்தத் தொடர்பில் சேராது. 2008-இல் சட்டத்தைத் திருத்தி, படையில் வேலை பார்த்த இடத்தையும் உள்ளூர்த் தொடர்பாக ஏற்றார்கள்.

இனி ஓய்வூதியம். மலேசியப் படையில் சாதாரண நிலை வீரர் 21 ஆண்டு சேவை முடித்தால்தான் மாத ஓய்வூதியம். பத்து, பன்னிரண்டு, பதினைந்து ஆண்டோடு ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவருக்கு மாத ஓய்வூதியம் எதுவும் இல்லை. இவர்களைத்தான் ஓய்வூதியம் இல்லாத முன்னாள் வீரர்கள் என்கிறோம். நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் இவர்களைப் பற்றிப் பேசப்படுகிறது. இவர்கள் கையில் கிடைப்பது 1972-இல் தொடங்கப்பட்ட இராணுவ சேமநிதி வாரியத்தின் பணம். சம்பளத்தில் வீரரின் பங்கு 10 விழுக்காடு, அரசின் பங்கு 15 விழுக்காடு. இரண்டும் இலாப ஈவோடு சேர்ந்து வரும்.

பத்தொன்பது வயதில் சேர்ந்து பதினைந்து ஆண்டு முடித்த ஒருவரை எண்ணிக்கொள்வோம். முப்பத்து நான்கு வயதில் வெளியே வருகிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள். சேமநிதிப் பணம் மொத்தமாகக் கையில் இருக்கிறது. தனியார் துறையில் வேலை பார்க்கிறவருக்கு ஊழியர் சேமநிதி 55 வயதில் முழுதாகத் திறக்கும்; இவருக்கோ செலவு உச்சத்தில் இருக்கும் வயதில் திறக்கிறது. வீட்டுக்கு முன்பணம் கட்டலாம். ஆனால் நிலையான சம்பளம் இல்லாதவருக்கு வங்கி கடன் தராது. அரசு ஊழியருக்கான வீட்டுக்கடன் சேவையில் இருக்கும்போது எளிது; அப்போது எடுத்திருந்தால், ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்தபின் தவணை கழுத்தை நெரிக்கும். முகாம் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்பா அம்மா இருந்த லயம் இல்லை. அவர்கள் மலிவுவிலை அடுக்குமாடியில், தம்பி குடும்பத்தோடு இருக்கிறார்கள். வாடகை, பள்ளிச் செலவு, ஒரு பழைய கார், தங்கை கல்யாணம் என்று பணம் இரண்டு மூன்று ஆண்டில் கரையும். இதில் குடியோ சூதோ எதுவும் தேவையில்லை. ஒழுங்கான மனிதருக்கே இப்படி நடக்கும்.

கிடைக்கும் வேலை பெரும்பாலும் பாதுகாவலர் வேலை. அங்கேயும் இவருக்குப் போட்டி இன்னொரு முன்னாள் சிப்பாய்தான்: மலேசியாவில் பாதுகாவலராக அனுமதிக்கப்படும் வெளிநாட்டவர் நேப்பாள முன்னாள் படையினரும் போலீஸாரும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. பன்னிரண்டு மணி நேரக் காவலும் மிகைநேரமும் சேர்த்தாலும், கிள்ளான் பள்ளத்தாக்கில் அதை வைத்து வாடகைக்குத்தான் இருக்க முடியும். சொந்த வீடு என்பது எட்டாது. அதனால் வடக்கே, சபாக் பெர்ணம், கோல சிலாங்கூர்ப் பக்கம் உறவினர் வீட்டுக்குக் குடும்பத்தை அனுப்பிவிட்டு, தாம் வேலையிடத்திலேயே தங்கிவிடுவார். இரண்டு இடத்தில் தலைசாய்க்கிறார், ஓரிடமும் அவருடையதல்ல.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பதல்ல. முன்னாள் வீரர்களுக்கென்று சுங்கை பூலோவில் உள்ள பெர்ஹெபாட் நிறுவனம் தொழிற்பயிற்சி தருகிறது. முன்னாள் இராணுவத்தினர் விவகாரத் துறை தகுதியுள்ளோருக்கு வாழ்க்கைச் செலவு உதவி கொடுக்கிறது. 2012-இல் முன்னாள் வீரர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. பழுதடைந்த வீடுகளைச் செப்பனிட்டுத் தரும் திட்டங்களும் நடக்கின்றன. எதையும் நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் செப்பனிட முதலில் ஒரு வீடு வேண்டும். வீடு நிற்க நிலம் வேண்டும். கம்போங்கில் தாத்தா நிலத்தில் பலகை வீடு வைத்திருக்கும் மலாய் வீரருக்கு அந்தத் திட்டம் கைகொடுக்கும். தோட்டத்துத் தமிழருக்குத் தாத்தா நிலம் கிடையாது. யாரும் வேண்டுமென்றே விலக்காமலேயே அவர் விலகிப்போகிறார்.

இந்தக் கதை நேற்றுத் தொடங்கியதும் இல்லை. இத்தோட்டங்களிலிருந்து முதன்முதலில் பெருந்திரளாகத் தமிழர் சேர்ந்த படை மலேசியப் படைக்கு முந்தையது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின், மலாயாவிலிருந்து ஏறத்தாழ 18,000 பொதுமக்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் கூறும் கணக்கு. பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பால் வெட்டிய பெண்கள் ஜான்சி ராணி படைப்பிரிவில் துப்பாக்கி ஏந்தினார்கள். நாட்டுப்பற்றோடு பசியும் சேர்ந்து அவர்களை அழைத்தது. ரப்பர் விலைபோகவில்லை, அரிசி இல்லை, ஜப்பானியர் 70,000-க்கும் மேற்பட்ட மலாயாத் தொழிலாளர்களைச் சயாம் மரண ரயில்பாதைக்கு ஓட்டிச் சென்றார்கள். படையில் சேர்ந்தால் அந்த ரயிலிலிருந்து தப்பலாம் என்று சேர்ந்தவர்களும் உண்டு.

1945-இல் படை கலைந்தது. திரும்பி வந்தவர்களுக்குச் சம்பள பாக்கி கொடுக்க எந்த அரசும் இல்லை. அவர்கள் போரிட்டது ஆள்கிற அரசுக்கு எதிராக. துரை வேலை கொடுத்தால் லயத்தில் இடம், இல்லையென்றால் வேறு தோட்டம் தேட வேண்டும். விடுதலை பெற்ற இந்தியா 1972-இல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் அறிவித்தது. அது இந்தியா தன் மக்களுக்காக வகுத்த திட்டம். ஜான்சி ராணிப் படையின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான ஜானகி ஆதி நாகப்பனுக்கு 2000-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமை. அதே படையில் இருந்து மீண்டும் பால் வாளி எடுத்த பெண்கள் லயத்திலேயே மறைந்தார்கள். போரிட்ட நாடு வேறு, வாழ்ந்த நாடு வேறு என்று ஆனபோது, அவர்களைத் தன் வீரர் என்று பட்டியலில் எழுதிக்கொள்ள ஒரு நாடும் கடமைப்படவில்லை. அவர்களில் எத்தனை பேர் வீடில்லாமல் இறந்தார்கள் என்று இனி யாராலும் எண்ண முடியாது.

இன்றைய வீரர்களுக்கு அந்த நிலை இல்லை. அவர்களுக்கு ஒரு நாடு இருக்கிறது, சேவை எண் இருக்கிறது, ஒரு துறை இருக்கிறது. அதனால்தான் இதைத் தீர்க்க முடியும் என்று நம்புகிறேன். அமெரிக்க எண்ணிக்கை ஏன் பாதிக்கு மேல் குறைந்தது என்று முன்பு கேட்டேன். அங்கே 2008-க்குப் பிறகு, முன்னாள் வீரருக்கு வாடகைச் சீட்டும் அவரைத் தொடர்ந்து கவனிக்கும் ஒரு நலப் பணியாளரும் சேர்த்துக் கொடுக்கும் திட்டத்துக்குப் பெரும் பணம் ஒதுக்கினார்கள். முதலில் திருந்து, பிறகு வீடு என்று சொல்லவில்லை. முதலில் வீடு, பிறகு மருத்துவம், வேலை. 2024-இல் அமெரிக்காவின் மொத்த வீடற்றோர் எண்ணிக்கை 18 விழுக்காடு உயர்ந்து 771,480 ஆனபோதும் முன்னாள் வீரர்களின் எண்ணிக்கை சுமார் 8 விழுக்காடு குறைந்தது. அந்த ஓராண்டில் யாருடைய மனக்காயமும் மாயமாக ஆறிவிடவில்லை. வாடகைச் சந்தையும் இளகவில்லை. வீடு கொடுத்தார்கள், வீடில்லாதவர் குறைந்தார்கள். காரணம் பற்றிய நீண்ட வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது கனமானது. நாற்பது ஆண்டு பால் வெட்டிய தொழிலாளிக்கே வீடில்லாதபோது, பதினைந்து ஆண்டு சீருடை போட்டவருக்கு ஏன் முன்னுரிமை? படையில் தமிழர் மிகச் சிறு பங்கு. இவர்களுக்காகத் தனியாகக் குரல் எழுப்ப வேண்டுமா? கேட்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்துப் பெரியவர்கள். அவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு. என் பதில் இது: அந்தத் தொழிலாளியும் இந்த வீரரும் ஒரே குடும்பம். அப்பா லயத்தை இழந்ததால்தான் மகனுக்குத் திரும்ப இடமில்லை. 245 குடும்பங்களுக்குக் கிடைத்த உறுதி வடக்குச் சிலாங்கூரின் ஒவ்வொரு பழைய தோட்டத்துக்கும் விரிந்தால், முன்னாள் வீரர்களில் பெரும்பங்கினருக்கு வீட்டுப் பிரச்சினை தனியாகவே இருக்காது. அது வரும் வரை, அரசிடம் ஏற்கெனவே பெயர் உள்ள இவர்களிடமிருந்து தொடங்குவது எளிது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்தியா 2022-இல் அக்னிபத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நான்கு ஆண்டு சேவை, நான்கில் ஒரு பங்கினர் மட்டும் நிரந்தரம், மற்றவருக்கு ஒரு தொகை, ஓய்வூதியம் இல்லை. குறுகிய சேவை, கையில் மொத்தப் பணம், பிறகு உன் வழி என்ற முறை அங்கே இப்போதுதான் தொடங்குகிறது. நம் நாட்டில் அதே முறையில் வெளிவந்தவர்கள் இப்போது அறுபது, எழுபது வயதில் இருக்கிறார்கள். அதன் முடிவு என்ன என்று பார்க்க வேண்டியவர்கள் கோல சிலாங்கூர்ப் பக்கம் வரலாம்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. மாநில மலிவுவிலை வீட்டு விண்ணப்பத்தில் முகாமில் இருந்த ஆண்டுகளை மாநிலத்தில் வசித்த ஆண்டுகளாக ஏற்கலாம். லயத்தில் பிறந்தவர் என்பதைப் பிறப்புப் பத்திரத்தை வைத்தே உள்ளூர்த் தொடர்பாக எடுத்துக்கொள்ளலாம். ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வருகிறவரின் சேமநிதியில் ஒரு பங்கை, அவர் சேவையில் இருக்கும்போதே, ஊருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டோடு பிணைக்கலாம். முன்னாள் வீரர் துறை தன் பதிவில் ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்: நீங்கள் இருக்கும் வீடு யார் பெயரில்?

அரசு கேட்கும் வரை நாம் காத்திருக்க வேண்டாம். உங்கள் தாமானில், உங்கள் கோயில் நிர்வாகத்தில், உங்கள் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் சங்கத்தில், பட்டாளத்திலிருந்து வந்தவர் ஒருவராவது இருப்பார். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பார். அவரிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சான்றிதழைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். தொலைத்திருந்தால் சேவை எண்ணைக் கொண்டு நகல் கேட்டு எழுத உதவுங்கள். முன்னாள் இராணுவத்தினர் விவகாரத் துறையில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கூடப் போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள்.